பனிக்காலத்துப் பசி

கார்த்திகைத் தீபத்து அகல்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மறுவாரத்தில் எங்கள் மத்தூரில் பனி இறங்கத் தொடங்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் வீற்றிருக்கும் ஓசூரில் அடிக்கும் குளிர் எங்கள் ஊரில் இல்லை. ஆயினும் மார்கழி விடியலில், நான்கு மணிக்குக் கம்பளியை விலக்க எவருக்கும் மனம் வராது. அந்த வேளையில்தான் வயிறு தன் விண்ணப்பத்தை நீட்டுகிறது. சித்திரையில் நீர்மோரும் பழைய சோறும் போதும் என்றிருந்த அதே வயிறு, மார்கழியில் நெய் மிதக்கும் பொங்கலையும், வெல்லப்பாகில் பிசைந்து சுட்ட கச்சாயத்தையும், எள்ளுருண்டையையும் கேட்கிறது.

இது நாவின் சபலமா, உடலின் தேவையா? இக்கேள்வியையே இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். இதனை நான் வேடிக்கைக்காக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்குத் தவறான விடையை ஒருமுறை என் தந்தையாரிடம் சொல்லிவிட்டு, அதற்காக இன்றளவும் வருந்துகிறவன் நான்.

முதலில் உடலின் கணக்கைப் பார்ப்போம். வெளியே வெயில் கொளுத்தினாலும் பனி கொட்டினாலும், நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசிலேயே நிற்க வேண்டும். குளிர் பட்டவுடன் தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வெப்பம் வெளியே ஓடாதபடி கதவைச் சாத்துவது போன்றது அது. அதுவும் போதாவிடில் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. இவையன்றி, பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. சாதாரணக் கொழுப்பு சேமித்து வைக்கும். இதுவோ எரித்துச் சூடாக்கும். பச்சிளங்குழந்தைகளிடம் மட்டுமே இது குறிப்பிடத்தக்க அளவில் உண்டு என்று நெடுநாள் எண்ணியிருந்தனர். வளர்ந்தவர்களிடமும் அது உயிர்ப்போடு இருக்கிறது என்பதை 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் நிறுவின.

அடுப்பு எரிந்தால் விறகு குறையும் அன்றோ? குறைந்த விறகை நிரப்பச் சொல்லி மூளைக்குச் சேதி போகிறது. இச்சேதி மூளையில் எவ்விடத்தைச் சேர்கிறது என்பதை, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் 2023இல் எலிகளிடம் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 23 டிகிரியில் இருந்த எலிகளை 4 டிகிரிக்கு மாற்றியபோது, அவை உடனே உணவைத் தேடவில்லை. சில மணி நேரம் ஒடுங்கிக் கிடந்து, செலவு வரவை மிஞ்சிய பிறகே எழுந்து தேடின. அவ்வாறு எழுவதற்குச் சற்று முன்னர், மூளையின் நடுப்பகுதியில் ஒரு சிறு நரம்புத் தொகுதி விழித்துக்கொண்டது. மனிதருக்கும் அப்படியே என்று இதனைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. ஆயினும், குளிரில் பிறக்கும் பசியை வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

சரி, பசி எடுக்கட்டும். இனிப்பையும் நெய்யையும் அது ஏன் தேட வேண்டும்? ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். சர்க்கரையோ விரைவில் இரத்தத்தில் கலக்கும். ஆகவே, நீண்டு எரியும் கட்டை நெய் என்றால், சட்டென்று பற்றும் சுள்ளி வெல்லம். இரண்டையும் சேர்த்து உண்டால் எத்தனை இன்பம் என்பதை, பஞ்சமில்லாத நாளிலும் உடல் மறப்பதில்லை. இதனை நம் முன்னோரும் தம் வழியில் கண்டிருக்கிறார்கள். முன்பனிக் காலத்தில் வயிற்றுத் தீ வலுத்திருக்கும். அதற்குத் தக்க உணவு கிட்டாவிடில் அது உடலின் சாரத்தையே எரித்துவிடும் என்று சரக சம்ஹிதை கூறுகிறது. அப்பருவத்திற்குப் பாலும், கரும்பில் விளைந்த பண்டமும், எண்ணெயும், புத்தரிசிச் சோறும் ஏற்றவை என்கிறது. அந்தப் பட்டியலில் வெந்நீரும் இருக்கிறது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மண்ணும் இந்தப் பசிக்கு ஒத்து நடப்பதைப் பாருங்கள். குளிர்ந்த இரவும் வறண்ட பகலும் கரும்பில் சர்க்கரை சேர்வதற்கு உகந்தவை. ஆகையால், மார்கழி, தை மாதங்களில் ஆலை ஆடி, வெல்லம் காய்ச்சும் மணம் எழுகிறது. ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்த நிலக்கடலை, கார்த்திகைக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைய எண்ணெய். கால் பங்கு புரதம். எள்ளிலோ சரிபாதி எண்ணெய். கேழ்வரகும் அதே காலத்தில் களத்துக்கு வருகிறது. எங்கள் எல்லைப்புறத்தில் ஒரே உருண்டையைத் தமிழர் களி என்பர், கன்னடர் முத்தே என்பர், தெலுங்கர் சங்கட்டி என்பர். பெயர் மூன்றானாலும் ஆவி பறக்கும் அந்த உருண்டை ஒன்றே.

பனிக்காலத்துக்கே உரிய மற்றொன்று மொச்சை. பனி பட்டால்தான் அதற்கு மணம் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் தீர்ப்பு. பச்சை மொச்சைக் கொட்டையை இரவு முழுவதும் ஊறவைத்து, விடிந்ததும் இரு விரல்களுக்கிடையே பிதுக்கினால், தோல் கையில் தங்கப் பருப்பு தெறித்து விழும். இதுவே பிதுக்குப் பருப்பு. கன்னடத்தில் ஹிதுகித பேளே. பெங்களூரில் ஜனவரி மாதத்தில் அவரைக்காய்க்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. சங்கராந்தியன்று கன்னட வீடுகளில் எள், வெல்லம், கடலை, கொப்பரைத் தேங்காய் ஆகியவற்றைக் கலந்து அண்டை அயலாருக்குக் கொடுத்து, இதை உண்டு நல்ல சொல் பேசுங்கள் என்று வாழ்த்துவார்கள். வங்கத்தில் குளிரில் இறக்கும் ஈச்சம் வெல்லமும், பஞ்சாபில் நெய்யில் வறுத்த மாவுருண்டையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

இனி என் தந்தையாரின் கதைக்கு வருகிறேன். அவர் உழவர். மார்கழி விடியலில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கிணற்றுக்குப் போய்க் கவலை இறைப்பார். வெயில் ஏறத் திரும்பியதும் இரண்டு உருண்டைக் களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு, அதற்கு மேல் ஒரு பிடி வறுத்த கடலையும் ஒரு வெல்லக்கட்டியும் உண்பார். அத்தனையும் அடுத்த வேளைக்குள் வியர்வையாகிவிடும். முதுமையில் ஏர் நின்றது, ஏற்றம் நின்றது; சர்க்கரை நோய் வந்தது. ஆனால் மார்கழி நிற்கவில்லை. அதே நான்கு மணிக்கு அதே பசி அவரை எழுப்பியது.

மருத்துவர் சொன்னபடி வெல்ல டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை நான் வைத்துக்கொண்டேன். ஒரு விடியலில் சமையலறையில் ஓசை கேட்டுச் சென்று பார்த்தால், அவர் இருட்டில் பாத்திரங்களைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்த வயதிலுமா அப்பா நாக்கை அடக்க முடியவில்லை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நாக்கு கேக்கலடா, ஒடம்பு கேக்குது. குளுருது" என்றார். நான் அதை ஒரு சாக்கு என்றே எண்ணினேன். அவர் படுக்கைக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு அவர் எதையும் கேட்டதில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார். இன்று எனக்கும் அந்த வயது. அந்த நோயும் இருக்கிறது. மார்கழி நான்கு மணிக்கு நான் விழித்துக்கொள்ளும்போதுதான், அவர் பொய் சொல்லவில்லை என்பது தெரிகிறது.

அவர் சொன்னது மெய். ஆனால் பூட்டியதும் முழுத் தவறன்று. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. குளிர் கேட்கும் குரல் பழையது. நாம் வாழும் வாழ்க்கை புதியது. 1970களில் தொடங்கி ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டைகள் எழுந்தன. இன்று போச்சம்பள்ளி வரை தொழிற்சாலைகள் வந்துவிட்டன. கிணற்றடியில் நின்றவனின் பேரன் பேருந்தில் ஏறிச் சென்று, கூரைக்கடியில் இயந்திரத்தின்முன் நிற்கிறான். இரவு முறை முடிந்து பனியில் வெளியே வந்ததும், சாலையோரக் கடையில் இனிப்புத் தேநீரும் வடையும் பன்னும் அவனை அழைக்கின்றன. கம்பளிச் சட்டையும் கூரையும் உள்ளவனுக்கு நம் ஊர்க் குளிரைத் தாங்கக் கூடுதலாகத் தேவைப்படும் உணவு மிகச் சொற்பம். ஒரு மேசைக்கரண்டி நெய்யே 100 கலோரிக்கு மேல் தந்துவிடும். எஞ்சியது இடுப்பில் தங்கும், இல்லையேல் இரத்தத்தில் சுற்றும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. பல நாடுகளில் நோயாளிகளின் சர்க்கரை அளவு குளிர்மாதங்களில் சற்றே உயர்ந்து காணப்படுவதையும் மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? என் வீட்டில் இப்பொழுது கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். முதலாவது, பசிக்கு முன் குளிரைக் கவனிக்கிறோம். காலுறை, கம்பளி, ஒரு குவளை வெந்நீர் அல்லது சூடான கொள்ளு ரசம். குளிரில் தாகம் தெரிவதில்லை. உடலுக்கு நீர் வேண்டியிருப்பதையும் நாம் உணர்வதில்லை. கால் மணி நேரம் பொறுத்தால் பாதி விண்ணப்பம் தானே திரும்பிவிடுகிறது. இரண்டாவது, பிறகும் பசித்தால் மொச்சையோ, ஒரு பிடி கடலையோ உண்கிறோம். மூன்றாவது, இனிப்பை வெறும் வயிற்றில் உண்பதில்லை. கீரையும் பருப்பும் உண்டபின் ஒரு துண்டு என்றால், சர்க்கரை அத்தனை வேகமாக ஏறுவதில்லை.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். வெல்லம் நாட்டுப் பொருள், ஆகவே சர்க்கரை நோய்க்குத் தீங்கில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதிலும் மாவுச்சத்தே மிகுதி; களியின் உருண்டை இரண்டிலிருந்து ஒன்றாகவோ அரையாகவோ சுருங்கத்தான் வேண்டும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பழமொழி ஆளைப் பார்த்தே உணவை வகுக்கிறது. நோயுள்ளவர்கள் தங்கள் அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, இனிப்புக்கு நாள் குறித்திருக்கிறோம். இதனை எனக்குக் கற்பித்தது திருப்பாவை. நோன்பின் தொடக்கத்தில், இரண்டாம் பாசுரத்தில், நெய்யும் பாலும் வேண்டாம் என்று விலக்குகிறார் ஆண்டாள். இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் வழியும் பாற்சோறு வந்துவிடுகிறது. கூடாரவல்லி அன்று வீடுகளில் அக்காரவடிசில் செய்வது அதனால்தான். ஆசையை இகழாமல், அதற்கென்று ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்கள்.

என் தந்தையாருக்கும் நான் அப்படி ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருக்கலாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, அடுப்பை மூட்டி, ஒரு குவளை ரசத்தைச் சூடாக்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நேயர்களின் இல்லங்களிலும் முதியோர் இருப்பார்கள். இந்த மார்கழியில் அவர்கள் விடியலில் எழுந்து அடுக்களைப் பக்கம் வந்தால், டப்பாவைப் பறிப்பதற்கு முன் அவர்கள் கையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் முதலில் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்துங்கள். உணவைப் பற்றிய பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.