போனைக் கை மாற்றும் முன்

ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீருக்கு நிற்கும் நேரம். "அந்த ஞானஸ்நானப் படத்தைக் காட்டு பிள்ளை" என்கிறார் ஒரு அன்ரி. போன் கை மாறுகிறது. அவர் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு செய்தி வந்து விழுகிறது: மனநல ஆலோசகருடன் சந்திப்பு, வியாழன் பத்து மணி. அன்ரியிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு நாலு பேர் அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கிறார்கள். அதற்கடுத்த ஞாயிறு பிள்ளை சபைக்கு வருவதில்லை. இப்படி நடக்கக்கூடாதென்றுதான் எழுதுகிறோம்.

தாதியராக வேலை செய்யும் நாங்கள், கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுத்தான் நோயாளியிடம் பேசுவோம். சில கேள்விகளுக்குக் கணவரையும் வெளியே நிற்கச் சொல்வோம். பிரித்தானியத் தாதியருக்கான நடத்தைக் கோவையின் 5ஆம் பகுதி முழுவதும் இந்த அந்தரங்கத்தைப் பற்றியதுதான். ஆனால் அதே விவரங்கள் இப்போது நோயாளியின் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. இங்கிலாந்தில் 13 வயதிலிருந்தே என்எச்எஸ் செயலியைப் பயன்படுத்தலாம். மருந்துச்சீட்டு, பரிசோதனை முடிவு, சந்திப்பு நாள் எல்லாம் அதற்குள் இருக்கும். அங்கே திரை இழுக்க நாங்கள் இல்லை.

ஐபோனில், 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், ஒரு செயலியை மட்டும் தனியே பூட்டலாம். அதன் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் அந்தத் தெரிவு வரும். பிறகு முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். ஆனால் முகம் பொருந்தாவிட்டால் அது போனின் கடவு எண்ணையே கேட்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்ணென்றால் பூட்டி என்ன பயன்? எண்ணை முதலில் மாற்றுங்கள். தம்பியின் விரலடையாளம் போனில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாம்சங் போனில் 'செக்யூர் ஃபோல்டர்' உண்டு. அதற்கு வேறொரு எண் வைக்கலாம். கணிப்பான்போல் வேடமிட்டுப் படங்களை ஒளித்துவைக்கும் இலவசச் செயலிகளை நாங்கள் நம்புவதில்லை. உங்கள் இரகசியத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவைப்பதுதான் அது.

வட்ஸ்அப்பில் 2023 முதல் ஓர் உரையாடலை மட்டும் பூட்டலாம். அதைவிட அவசரமானது 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதி. எப்போதோ வீட்டுக் கணினியில் திறந்த வட்ஸ்அப் இன்னும் அங்கே திறந்தே இருக்கலாம். தெரியாத சாதனம் எதுவும் அந்தப் பட்டியலில் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

திரையில் வந்து விழும் அறிவிப்புகளைப் பூட்டு முழுவதும் தடுக்காது. மருத்துவச் செய்திகளின் உள்ளடக்கம் திரையில் தெரியாதபடி செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். அன்ரி படம் கேட்டால், "இப்பவே உங்களுக்கு அனுப்பிவிடுறன் அன்ரி" என்பது மிகச் சுலபம். அவருக்கும் ஊருக்கு அனுப்ப ஒரு படம் கிடைக்கும்.

"ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் எதற்குப் பூட்டு?" என்று அப்பா, அம்மா கேட்பீர்கள். குளியலறைக்கும் தாழ்ப்பாள் இருக்கிறதே! விஷயத்தைப் புரிந்து முடிவெடுக்கக்கூடிய பிள்ளைக்கு, 16 வயதுக்குக் கீழே இருந்தாலும், பெற்றோரைக் கேட்காமல் வைத்தியர் ஆலோசனையும் சிகிச்சையும் கொடுக்கலாம் என்று இந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் 1985இலேயே தீர்ப்பளித்தது. சின்னப் பிள்ளைகளின் போனைக் கவனிப்பது பெற்றோரின் பொறுப்புத்தான். அதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நடுராத்திரியில் தலையணைக்குக் கீழிருந்து எடுத்துப் படிக்கும் பிள்ளையின் போன், அடுத்த தடவை உங்களிடம் எதையும் சொல்லாது, பிள்ளையும் சொல்லாது.

கணவனோ காதலனோ தினமும் போனைப் பறித்துப் பார்க்கிறார் என்றால் நிலைமை வேறு. அங்கே திடீரென்று பூட்டுப் போடுவது சண்டையை மூட்டி, ஆபத்தைக் கூட்டலாம். முதலில் வெளியே ஒருவரிடம் பேசுங்கள். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 0808 2000 247. 24 மணி நேரமும் இலவசம். கூடுமானால் அவர் தொடாத ஒரு போனிலிருந்து அழையுங்கள். எங்கள் வார்டுக்கு எதற்காக வந்தாலும், அந்தத் திரைக்குள் இதையும் எங்களிடம் சொல்லலாம். மொழிபெயர்க்கக் கணவரோ பிள்ளையோ வேண்டாம், வேறு மொழிபெயர்ப்பாளரைத் தாருங்கள் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.