ஆற்றின் அருகாமையும் ஆற்றின் இடமும்

ஆற்றங்கரையில் குடியிருக்க வேண்டும் என்னும் ஆசை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. காவிரியை அடுத்து உறையூரும், வைகையை அடுத்து மதுரையும், தாமிரபரணியை அடுத்து திருநெல்வேலியும் எழுந்தது தற்செயலாக நேர்ந்த காரியமல்ல. குடிநீருக்கும் குளிப்பதற்கும் பயிருக்கும் பூஜைக்கும் ஆறு வேண்டியிருந்தது; ஆகவே ஆற்றை நாடி ஜனங்கள் வந்தார்கள். இன்று வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. ஆயினும் ஆசை மட்டும் போகவில்லை. தண்ணீருக்காக ஆற்றை நாடியவர்கள் இப்பொழுது காற்றுக்காகவும் காட்சிக்காகவும் நாடுகிறார்கள்.

இந்த ஆசையை மனை வியாபாரிகள் நன்கு அறிவார்கள். திண்டிவனம், விழுப்புரம், புதுவை ஆகிய நகரங்களின் புறத்தே விளைநிலங்கள் மனைகளாகத் துண்டிடப்படுகின்றன. நீர்நிலைக்கு அருகில் உள்ளது என்பது ஒரு மனைக்கு மதிப்பாகவே சொல்லப்படுகிறது. அது மதிப்பா, அபாயமா என்பதை வாங்குகிறவர் எங்ஙனம் அறிவது? ஆயுட்காலச் சேமிப்பை ஒரு மனையில் போடும் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. ஆகவே இதைப்பற்றிச் சிறிது விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

நீர் தரும் குளிர்ச்சி

நீர்நிலையின் அருகே குளிர்ச்சி உண்டு என்பது வெறும் கற்பனையல்ல. நீர் ஆவியாகும்பொழுது சுற்றியுள்ள காற்றிலிருந்து உஷ்ணத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வேண்டும். 30 பாகை வெப்பமுள்ள 8 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த உஷ்ணம் போதும். நீர்ப்பரப்பும், அதன் கரையிலுள்ள மரங்களும், ஈரமான வயல்களும் ஓயாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. காசு பெறாமல் வேலை செய்யும் குளிர்ச்சி யந்திரங்கள் என்றே இவற்றைச் சொல்லலாம்.

தென் கொரியாவின் தலைநகரான சியோலில் இதற்கு ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. அந்நகரின் நடுவே ஓடிய சியோங்யேசோன் என்னும் ஓடையை மூடி, அதன்மேல் பெருஞ்சாலையும் மேம்பாலச் சாலையும் அமைத்திருந்தார்கள். 2003-ல் அவற்றை இடிக்கத் தொடங்கி, 2005-ல் சுமார் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையை மீண்டும் வெளிக்கொணர்ந்தார்கள். கோடைக்காலத்தில் ஓடைக்கரையில் அளந்த வெப்பம், சற்றுத் தள்ளியுள்ள சாலையில் அளந்ததைவிடச் சில பாகைகள் குறைவாக இருந்தது. அதை அடுத்த நிலங்களின் கிரயமும் உயர்ந்தது. அவர்கள் சாலையை எடுத்துவிட்டு ஓடைக்கு இடங்கொடுத்தார்கள். மழை வெள்ளம் தாராளமாகப் போகும்படி வகை செய்தார்கள். கரையைப் பொதுஜனங்கள் உலவும் இடமாக வைத்துக்கொண்டார்கள். குளிர்ச்சியும் மதிப்பும் வந்தது இதனாலேயேயன்றி, ஓடையின்மேல் வீடு கட்டியதனால் அல்ல.

நமது ஆறுகளின் இயல்பு

ஆனால் நமது பிரதேசத்து ஆறுகளின் இயல்பு வேறு. செஞ்சிப் பகுதி மலைகளில் தோன்றும் சங்கராபரணியை எடுத்துக்கொள்வோம். வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. வீடூரில் தொண்டியாறு அதனுடன் கலக்கிறது. 1950-களின் இறுதியில் அவ்விடத்தில் ஓர் அணை கட்டப்பட்டது. அதன் பிறகு ஆறு புதுவைக்கு அருகே கடலை அடைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய இத்தகைய ஆறுகள் வருஷத்தில் பல மாதங்கள் மணலாகவே கிடக்கின்றன. காய்ந்த மணல் பகலில் விரைவில் சுடும். இரவில் விரைவில் ஆறும். ஆகவே சித்திரை நடுப்பகலில் மணலாற்றின் கரையில் உட்கார்ந்து குளிர்ந்த காற்றை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமே அடைவார். மாலை வேளையில் திறந்த வெளி வழியே வரும் காற்று மட்டுமே அங்கே லாபம். கடலோரத்திலோ காற்றில் ஏற்கனவே ஈரம் மிகுதி. அங்கே நீர்நிலையின் அருகாமை சில நாட்களில் புழுக்கத்தையே மிகுவிக்கும்.

அப்படியானால் இப்பிரதேசத்துக்குக் குளிர்ச்சி தருவது எது? ஏரிகளும், அவற்றின் கீழுள்ள நன்செய் நிலங்களும், கரைகளில் நிற்கும் மரங்களுமே. ஏரியில் நீர் நிற்கும்வரை வயலில் ஈரம் நிற்கும். ஈரம் நிற்கும்வரை காற்று ஆறும். இங்கேதான் ஒரு விபரீதத்தைக் காண்கிறோம். குளிர்ச்சிக்காக அந்த வயல்களையே மனையாக்கி, மண் கொட்டி மேடாக்கி, கான்கிரீட் தளமிட்டால், எதை விரும்பி வந்தோமோ அதை வந்த அன்றே அழித்தவர்களாகிறோம். முதலில் வந்து வீடு கட்டியவர் தென்றலை அனுபவிக்கிறார். நூறாவது வீடு எழும்பும்பொழுது அவருக்கும் தென்றல் இல்லை. பின்னால் வந்தவருக்கும் இல்லை.

மேல்சித்தாமூர் சொல்லும் பாடம்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே மேல்சித்தாமூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. தமிழ்நாட்டு ஜைனர்களின் மடம் உள்ள ஊர் அது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட மலைநாதர் கோயிலும் அங்கே உள்ளன. அப்பாறைச் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பாறையை ஒட்டிக் கோயில் எடுத்த அந்தக் காலத்தவர்கள் மண்ணின் தன்மையையும் நீரின் போக்கையும் அறியாதவர்களல்லர். இச்சுற்றுவட்டத்துப் பழைய கிராமங்களில் ஒரு பொதுவான முறையைக் காணலாம். வீடுகள் நத்தம் என்னும் மேட்டு நிலத்தில், தாழ்வில் ஏரி, ஏரிக்கு மதகும் கலங்கலும், மதகின் கீழே நன்செய், கலங்கலைத் தாண்டிய உபரி நீர் அடுத்த ஏரிக்குச் செல்ல ஓர் ஓடை. அந்த ஓடையில் வருஷம் முழுவதும் நீர் ஓடாது. ஆயினும் அதைப் புறம்போக்காக விட்டுவைத்தார்கள். வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைப்பதைப் போன்றது அது. அவர் வரும் நாளில் இலை இல்லாமற் போகக்கூடாது.

அந்த விருந்தாளி 2024-ம் வருஷம் வந்தார். நவம்பர் 30-ந்தேதி இரவு புதுவைக்கு அருகே கரையேறிய பெஞ்சல் புயல் மேலே நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. டிசம்பர் முதல் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. புதுவையில் சுமார் 49 சென்டிமீட்டர். விழுப்புரமும் திண்டிவனமும் நீரில் மிதந்தன. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்தமையால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. டிசம்பர் 2-ந்தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையோரத்து ஊர்கள் பெருந் துன்பத்துக்குள்ளாயின. சங்கராபரணி பெருகி, புதுவையின் புறநகர்ப் பகுதிகளிலும் வெள்ளம் புகுந்தது. மணலாய்க் கிடந்த ஆறு, தன் இடத்தின் அகலம் எவ்வளவு என்பதை ஓரிரு நாட்களில் எல்லோருக்கும் அளந்து காட்டிவிட்டது.

சென்னை இதே பாடத்தை ஒன்பது வருஷங்களுக்கு முன்பே கற்றது. 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. வழியில் பெய்த மழையும் சேர்ந்துகொண்டது. அடையாற்றங்கரையில் முடிச்சூர் முதல் கோட்டூர்புரம் வரை வீடுகள் மூழ்கின. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அதை மனிதர்களால் விளைந்த விபத்து என்றே கூறியது.

ஏழைகளின் நிலை

இங்கே மற்றொரு விஷயத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். ஆற்றங்கரையில் இருவகைப்பட்டவர்கள் வசிக்கிறார்கள். ஒரு சாரார் காற்றையும் காட்சியையும் விரும்பி விலை கொடுத்து வந்தவர்கள். மற்றொரு சாரார் வேறு இடம் கிடைக்காமையால் கரையில் குடிசை போட்டவர்கள். வெள்ளம் வரும்பொழுது இருவர் வீட்டிலும் நீர் புகுகிறது. வெள்ளம் வடிந்த பிறகோ, ஆக்கிரமிப்பாளர் என்னும் பெயர் குடிசைக்காரருக்கே முதலில் சூட்டப்படுகிறது. சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்தில் குடியேற்றினார்கள். அதுவோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பள்ளப் பிரதேசம். ஒரு வெள்ளத்திலிருந்து எடுத்து மற்றொரு வெள்ளத்தில் வைப்பது பரிகாரம் ஆகுமா? ஆற்றின் இடத்தைக் காப்பது என்பது ஏழையைத் துரத்துவது அன்று. மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே கோடு. கோட்டுக்கு வெளியே மேட்டு நிலத்தில், வேலைக்கு எட்டும் தூரத்தில் ஏழைக்கு வீடு. இதுவே நியாயமாகும்.

செய்ய வேண்டியவை

சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஏரிகளைக் காப்பதற்கும் ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கும் தமிழ்நாட்டில் 2007-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. குறைவு சட்டத்தில் அல்ல. ஜனங்களின் கண்ணுக்குப் புலப்படும் எல்லையில்தான். 2024-ல் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை ஒவ்வோர் ஊரிலும் கல் நட்டுக் குறிக்க வேண்டும். அந்த அளவை வரைபடமாக்கிப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். கல்லுக்கு உட்பட்ட நிலத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லை என்பதைச் சர்க்கார் தயவு தாட்சணியமின்றி நடத்த வேண்டும். சர்க்கார் கட்டடங்களுக்கும் இவ்விதி பொருந்த வேண்டும். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது? கரையோர நிலத்தை மரங்கள் நிறைந்த பொதுத் தோப்பாக வைத்துக்கொண்டால், குளிர்ச்சி ஊர் முழுவதற்கும் கிடைக்கும். வெள்ளமும் யாருக்கும் தீங்கின்றிப் போகும்.

மனை வாங்குவோருக்கும் சில வார்த்தைகள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தால் மட்டும் போதாது. கிராமப் புலப்படத்தில் அந்த இடத்தின் வழியே ஓடையோ வாய்க்காலோ செல்கிறதா என்று பாருங்கள். அங்கே ஆடு மாடு மேய்க்கும் முதியவரிடம் மழைக்காலத்தில் நீர் எவ்வழி வரும் என்று கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அவர் சொல்லுவார். பாலங்களின் சுவரில் வெள்ளம் விட்டுச் சென்ற கறையைக் கவனியுங்கள். சித்திரையில் மனையைப் பார்த்துக் கிரயம் பேசாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆற்றின் அருகாமை விரும்பத்தக்கதே. அது ஊருக்கு அழகும் உடலுக்கு ஆரோக்கியமும் தரும். ஆனால் ஆற்றின் அருகாமை வேறு, ஆற்றின் இடம் வேறு. அருகாமையை நாம் அனுபவிக்க வேண்டுமானால், இடத்தை ஆற்றுக்கே விட்டுவிட வேண்டும். அதிகாரிகள் விழித்துக்கொள்ள மற்றொரு கார்த்திகை வரையில் காத்திருக்கலாகாது. இப்பொழுதே கல்லை நடுவார்களாக!