கோழிப்பண்ணைக்காரர் கட்டிய நாகப்பாம்பு!

சேலத்தில் பஸ் ஏறி, ஜன்னல் சீட் பிடித்து, நாமக்கல் வரைக்கும் தூங்காமல் போயிருக்கீங்களா? ராசிபுரம் தாண்டினால் ரெண்டே காட்சிகள்தான் மாறி மாறி வரும். ஒன்று, நீள நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். இன்னொன்று, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். கேபின்கூட இல்லாத வெறும் சேஸிஸ், தலையில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் டிரைவர், பறக்கும் வெல்டிங் பொறி... நமக்கு இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன சமாச்சாரம்.

ஆனா பாஸ், இந்தக் கோழியையும் பட்டறையையும் ஒண்ணாச் சேர்த்தால் உலகத்தின் படு வேகமான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வரும் என்றால் நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும். 1962-ல் வந்தது!

கோழி போச்சு, கார் வந்தது

கரோல் ஷெல்பி. அமெரிக்காவின் டெக்சாஸ்காரர். 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' (2019) படத்தில் மேட் டேமன் நடித்தாரே, அவரேதான். இளம் வயதில் கறிக்கோழிப் பண்ணை வைத்தார். முதல் பேட்ச்சில் 5,000 டாலர் லாபம். ரெண்டாவது பேட்ச்சில் நோய் வந்து கோழிகள் செத்து, ஆள் திவால்! நாமக்கல் பக்கம் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்க, 'ஐயோ பாவம்' என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

ரேஸ் ஓட்டப் போனார். ஒருமுறை பண்ணை வேலையிலிருந்து நேராக, கோடு போட்ட ஓவரால் உடையோடு ரேஸுக்கு வந்துவிட்டார். பின்னாளில் அதுவே அவருடைய அடையாளம் ஆனது. 1959-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் போட்டியில் ராய் சால்வடோரியோடு சேர்ந்து ஜெயித்தார். இதயக் கோளாறு! நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொண்டு ஓட்டிய மனிதர், 1960-ல் ஓட்டுவதையே விடவேண்டியதாயிற்று.

ஓட்ட முடியாது. சரி, கட்டலாமே? இங்கிலாந்தில் ஏ.சி. என்ற சின்ன கம்பெனி 'ஏஸ்' என்ற ரோட்ஸ்டரைச் செய்துகொண்டிருந்தது. ரோட்ஸ்டர் என்றால் கூரையில்லாத, ரெண்டே சீட் உள்ள கார். அதற்கு வந்துகொண்டிருந்த இன்ஜின் நின்றுபோகிற நிலை. 1961-ல் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டார் ஷெல்பி. 'உங்க காரில் அமெரிக்க வி-8 இன்ஜினை வைக்கட்டுமா?' ஃபோர்டு கம்பெனி இன்ஜின் கொடுத்தது. 1962 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு நண்பரின் பட்டறையில் இன்ஜின் ஏறியது. பெயர், கோப்ரா!

இருந்தது ஒரே ஒரு கார். ஆனால், ஒவ்வொரு பத்திரிகைக்கும் புதுப் புது கலர் அடித்துக் கொடுத்தார், நிறைய கார் இருக்கிற மாதிரி பில்டப்! அந்த முதல் கார் 2016 ஏலத்தில் ஒரு கோடியே 37½ லட்சம் டாலருக்குப் போனது.

உள்ளே இருப்பது ஏணி

இப்போ நம்ம பட்டறைக்கு வருவோம். லாரி சேஸிஸைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு நீள இரும்பு, நடுநடுவே குறுக்குக் கட்டை. ஏணியைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். கோப்ராவின் அடியிலும் அதே ஏணிதான்! ரெண்டு நீளமான எஃகுக் குழாய், குறுக்கே இணைப்புகள். அதன்மேல் மெல்லிய குழாய்களில் எலும்புக்கூடு. அதற்கு மேல் கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகடு. ஆரம்பகால கோப்ராவில் ஸ்பிரிங்கூட நம்ம லாரி மாதிரி லீஃப் ஸ்பிரிங்தான்.

அப்புறம் எப்படி அந்த வேகம்? ஒரு கணக்கு போடுங்க. மாருதி 800-க்கு 37 குதிரைத்திறன், எடை 650 கிலோ சொச்சம். டன்னுக்கு 57 குதிரை. முதல் கோப்ராவுக்கு 260 குதிரை, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதாவது, டன்னுக்கு 260-க்கும் மேலே! 1965-ல் கோப்ரா அணி ஃபெராரியை முந்தி உலக ஜி.டி. பட்டத்தையே தூக்கியது.

இதில் ஒரு காமெடி உண்டு. அந்த 'ஏஸ்' காரின் உடம்பே பழைய ஃபெராரி ஒன்றின் சாயலில் வந்ததுதான். அசலே ஒரு நகல்!

நகல் என்றால் கேவலமா?

அசல் கோப்ரா ஏறக்குறைய ஆயிரம்தான். உலகத்தில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட கார்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய 'ஃபேக்டரி ஃபைவ்' பெட்டி பெட்டியாக பார்ட்ஸ் அனுப்பும். வாங்குகிறவர் தன் ஷெட்டில் பூட்டிக்கொள்வார். போலந்தின் விமானத் தொழிற்சாலை ஒன்றில் அலுமினிய பாடி தட்டினார்கள். ஷெல்பி முதலில் சில நகல்காரர்கள் மேல் கேஸ் போட்டார். பிறகு சிலருக்கு அவரே லைசென்ஸும் கொடுத்தார்.

நம்ம நாட்டிலும் நடந்தது. 2000-களின் ஆரம்பத்தில், மும்பை பக்கம் அலிபாகில், படகு கட்டிக்கொண்டிருந்த கீடோ போத்தே 'சிங்காரா ரோட்ஸ்டர்' கட்டினார். 1957-ல் வந்த 'லோட்டஸ் செவன்' காரின் சாயல். பாடி ஃபைபர். இன்ஜின்? காண்டசாவிலும் அம்பாசடரிலும் ஓடிய அதே இசுசு 1.8!

கோவைக்காரர் கரிவர்தனைத் தெரியுமா? 1980-களின் கடைசியில் மாருதி இன்ஜினையே வைத்து 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு கார் வாங்கக் காசில்லாத பசங்களும் ரேஸ் ஓட்டினார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதிதான். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவர்தன் பெயரில்தான் செட்டிப்பாளையத்தின் ரேஸ் டிராக் இருக்கிறது.

கட்டரை எடுக்காதே மாப்ளே!

'அப்போ பழைய மாருதி ஒண்ணு சல்லிசா வருது, கூரையை வெட்டிட்டா ரோட்ஸ்டர் ரெடி!' என்று ஹாஸ்டலில் யாராவது கிளம்பியிருப்பானே? நிறுத்தச் சொல்லுங்க. மாருதியில் ஏணி சேஸிஸ் கிடையாது. கூரையும் கதவுத் தூணும் சேர்ந்துதான் வண்டியின் பலமே. வெட்டினால் அது கார் இல்லை, தகர டப்பா!

பெரிய இன்ஜின் வைத்தால்? வேகம் ரெண்டு மடங்கு என்றால் நிறுத்த நாலு மடங்கு தூரம் வேண்டும். பிரேக் யார் மாற்றுவார்? கோப்ராவில் வி-8 வைத்தபோது டிஃபரன்ஷியலையே வலுவானதாக மாற்றினார்கள். பிற்பாடு 7 லிட்டர் இன்ஜின் வைத்தபோது சேஸிஸ் குழாயை 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கி, லீஃப் ஸ்பிரிங்கையும் தூக்கிவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டார்கள். நல்ல நகலும் கெட்ட நகலும் பிரிகிற இடம் இதுதான். கெட்ட நகல் பானெட்டைப் பார்க்கும். நல்ல நகல் பிரேக்கைப் பார்க்கும்.

சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புதுசாகக் கட்டினாலும் அரசு அங்கீகரித்த மையத்தில் சோதனை பாஸாகணும். பைபாஸில் உங்களுக்கு எதிரே வருகிறது முட்டை லாரி. அதில் ஒரு குடும்பத்தின் அப்பா இருக்கிறார். அதை மறந்துடாதீங்க.

அப்போ என்னதான் செய்யறது?

வழி இருக்கு பாஸ். 'ஃபார்முலா பாரத்', 'பாஜா எஸ்.ஏ.இ.' போன்ற மாணவர் போட்டிகள். வண்டியை டிசைன் செய்து, வெல்டிங் செய்து, பிரேக் டெஸ்டில் தேறி, டிராக்கில் ஓட்டலாம். ஃபார்முலா பாரத் நடப்பதே நம்ம பக்கத்து ஊர் கோவையில், அந்தக் கரிவர்தன் டிராக்கில்!

கடைசியா ஒண்ணு. நம்மில் எத்தனையோ பேருக்கு அப்பாவோ மாமாவோ பட்டறையில்தான் வேலை. கல்லூரியில் யாராவது கேட்டால் 'பிசினஸ்' என்று மட்டும் சொல்லி நழுவுகிறோம். ஏன்? தகட்டை எங்கே தட்டினால் எப்படி வளையும், வெல்டிங் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது கணக்கும் கம்ப்யூட்டரும். ரெண்டும் இன்னும் ஒரே பட்டறையில் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவை விடுங்க. பட்டறைக்குப் போய், 'இது ஏன் இப்படி வெக்கிறீங்க?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

கோழி செத்து திவாலான மனிதரே ஃபெராரியை ஜெயித்திருக்கிறார். அவருக்குக் கிடைக்காத ஒன்று உங்க வீட்டுப் பக்கத்திலேயே இருக்கு!