எழுதினா சோறு கிடைக்குமா, சார்?

கடலூருக்கும் கவிஞர்களுக்கும் உள்ள சம்பந்தம் நேற்று வந்ததல்ல. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லையே தெப்பமாக்கி மிதந்து வந்து சேர்ந்தது இந்தக் கரையில்தான் என்பது பெரிய புராணக் கதை. அந்த இடத்துக்கு இன்றைக்கும் 'கரையேறவிட்ட குப்பம்' என்றுதான் பேர். ஒரு கவிஞரைக் கரையேற்றியதற்காக ஒரு ஊருக்கே பேர் வைத்துவிட்டார்கள்! அதற்கப்புறம் இந்தப் பக்கம் வந்த எழுத்துக்காரர்கள் எல்லாம் கரையேறினார்களா என்றால்... அங்கேதான் விஷயமே இருக்கிறது.

விஷயத்தைக் கிளப்பியவர் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் தம்பி. வயசு 27. கவிதை எழுதுவார். ஒருமுறை பெட்டி கேஷ் வவுச்சருக்குப் பின்னால் நிலாவைப் பற்றி எட்டு வரி எழுதி வைத்து, ஆடிட்டர் அதைச் செலவா வரவா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பரை எடுத்து நீட்டினார். கவிதைதான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு பிரித்தேன். ராஜினாமா கடிதம்!

"முழுநேரமா எழுதப் போறேன் சார். ஏன், எழுதினா சோறு கிடைக்காதா?"

"கிடைச்சவங்க, கிடைக்காதவங்க ரெண்டு பேருக்கும் நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு தம்பி. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம். அப்புறம் லெட்டரைக் குடுங்க, யார் வேணாங்கறது?" என்றேன்.

முதலில் திருப்பாதிரிப்புலியூர். (கண்டக்டர்கள் வாயில் 'திருப்பாப்புலியூர்'.) இங்கேதான் 1906 ஏப்ரல் 25-ல் தாசில்தார் சொக்கலிங்கம் பிள்ளைக்கு ஒரு பையன் பிறந்தான். பேர் விருத்தாசலம். பக்கத்து ஊர் பேராகவும், சாமி பேராகவும் இருந்த அது பின்னால் 'புதுமைப்பித்தன்' ஆயிற்று. அப்பா ரிடையர் ஆனதும் குடும்பம் திருநெல்வேலிக்குப் போய்விட்டது. பி.ஏ. முடித்த மகன் ரெவின்யூ டிபார்ட்மெண்டில் நுழைந்திருந்தால் தாசில்தார் மகன் தாசில்தார் ஆகியிருக்கலாம். அவரோ சென்னைக்கு ரயிலேறி 'மணிக்கொடி' வாசலில் நின்றார். 'மணிக்கொடி' பேர் வாங்கிக் கொடுத்தது. சம்பளத்துக்கு 'தினமணி' போக வேண்டியிருந்தது.

பத்திரிகை ஆபீஸ் உதவி ஆசிரியர் வேலை என்றால் ஏதோ நாட்டையே எழுப்பிவிடுகிற வேலை என்று தம்பி நினைத்திருந்தார். இங்கிலீஷில் தந்தி வரும். அதைத் தமிழில் மாற்ற வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் அடுத்த தந்தி வரும். எங்கோ நடக்கிற சண்டை, எவரோ பேசிய பேச்சு! இதற்கு நடுவில் வீட்டுக்கு வந்து கதை எழுத வேண்டும். அவர் எழுதினார். சுமார் 15 வருஷத்தில் 100 கதையை நெருங்கிவிட்டார். மொழிபெயர்த்த கதைகள், புத்தக விமர்சனங்கள், கிண்டல் பாட்டுக்கள் கணக்குத் தனி.

1943-ல் 'தினமணி' ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தபோது, கூடவே வெளியே வந்தவர்களில் இவரும் ஒருவர். அடுத்து 'தினசரி'. அதுவும் போய் சினிமா. பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனா போனவர் காச நோயோடு திரும்பினார். 1948-ல் திருவனந்தபுரத்தில் காலமானபோது வயசு 42. மனைவிக்கும் சின்னக் குழந்தைக்கும் அவர் விட்டுப் போனது எழுத்துத்தான். நண்பர்கள் நிதி திரட்டினார்கள். அவர் புத்தகங்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது 2002-ல்!

அவர் கதை ஒன்றில் கந்தசாமிப் பிள்ளை என்பவர் கடவுளைச் சென்னையில் சந்தித்துக் காப்பி சாப்பிடுகிறார். பிள்ளையும் ஒரு பத்திரிகை நடத்துகிறவர். கடவுளிடம் என்ன கேட்கிறார் தெரியுமா? முக்தியா, மோட்சமா? ஆயுள் சந்தா! தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். சந்தா சேர்க்கிற கஷ்டம் தெரிந்தவன் எழுதிய நகைச்சுவை அது என்று நான் சொன்னதும் சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்தது கடலூர்ச் சிறை. உள்ளே போகவில்லை, பயப்படாதீர்கள். 1908-லிருந்து பத்து வருஷம் பாண்டிச்சேரியில் இருந்த பாரதியார், எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்த உடனே கைதானது 1918 நவம்பர் 20. முதல் உலக யுத்தம் முடிந்து ஒன்பதாவது நாள். கடலூரில் அடைத்தார்கள். டிசம்பர் 14-ல் விட்டார்கள். 24 நாள்.

பாரதியாரைக் கவி என்றே நினைக்கிறோம். வயிற்றுப் பிழைப்பு பத்திரிகைதான். 1904-ல் 'சுதேசமித்திர'னில் அவரும் அந்த மொழிபெயர்க்கிற உதவி ஆசிரியர் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அப்புறம் 'சக்ரவர்த்தினி', 'இந்தியா', 'விஜயா'. 'இந்தியா' நின்றதற்குப் பிறகு பாண்டிச்சேரி வருஷங்கள் எப்படிப் போயின என்று செல்லம்மாளைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

கடலூரிலிருந்து வெளியே விட்டபோது நிபந்தனை போட்டார்கள். திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் வெளியிட வேண்டும். யோசித்துப் பாருங்கள், உங்கள் கவிதையை எடிட்டருக்கு முன்னால் ஒரு டி.ஐ.ஜி. படிக்கிறார்! 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குப் பாட்டிலேயே கடிதம் எழுதி உதவி கேட்டார். கிடைக்கவில்லை. 1920-ல் தன் எழுத்துக்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடுவதாகத் திட்டம் தீட்டி, நண்பர்களுக்குக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி சர்வ சாதாரணமாகத் தன் புத்தகம் விற்கும் என்பது அவர் நம்பிக்கை. பணம் சேரவில்லை. அந்த வருஷமே மறுபடி 'சுதேசமித்திர'னில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். 39 வயசு நிறையவில்லை. மண்ணெண்ணெய்க் கணக்கு பின்னால் பலித்தது, அனுபவிக்கத்தான் ஆள் இல்லை.

தம்பி பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். லெட்டர் பத்திரமாக இருந்தது.

மஞ்சக்குப்பம் கோர்ட்டுப் பக்கம் போகும்போது ஒரு பழைய சமாசாரம். 1869-ல் இரண்டு பெரிய எழுத்துக்காரர்கள் இங்கே வழக்காடினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர் ஒரு பக்கம், 'அருட்பா' தந்த ராமலிங்க வள்ளலார் எதிர்ப்பக்கம். வள்ளலார் கோர்ட்டுக்குள் வந்ததும் நாவலரே தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. எழுத்தாளர்கள் சண்டை நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை என்பதற்காகச் சொன்னேன். நிற்க.

"நீங்க தோத்தவங்க கதையாவே பொறுக்கிச் சொல்றீங்க சார். ஜெயகாந்தன் இதே ஊர்தானே?" என்று மடக்கினார் தம்பி.

நல்ல கேள்வி. ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24-ல் பிறந்தவர். புதுமைப்பித்தன் பிறந்த நாளுக்கு முதல் நாள், ஊரும் கடலூர்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா. விழுப்புரத்தில் மாமா வீடு, பிறகு சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸ். அதுதான் அவருக்கு யூனிவர்சிட்டி. 'ஜனசக்தி' அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். எழுதுவதற்கு முன் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அடுக்கக் கற்றவர்! 1949-ல் கட்சிக்குத் தடை வந்தபோது தஞ்சாவூரில் செருப்புக் கடையில் வேலை பார்த்தார்.

பிறகு 'சரஸ்வதி' மாதிரிச் சின்னப் பத்திரிகைகள். அப்புறம் 'ஆனந்த விகடன்'. அதில் 1966-ல் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. வாசகர் கேள்விக்குப் பதிலாக 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல், அதற்கு 1972-ன் சாகித்ய அகாடமி, 2002-க்கு ஞானபீடம், 2009-ல் பத்மபூஷண். 2015 ஏப்ரல் 8-ல் மறையும்வரை சிங்கமாகவே இருந்தார். எழுதிச் சோறு சாப்பிட்ட தமிழன் இல்லை என்று யாராவது சொன்னால் இவர் பேரைச் சொல்லி வாயை அடைக்கலாம். ஆனால் 'ஜெயபேரிகை', 'ஞானரதம்', 'கல்பனா' என்று அவரே ஆசிரியராக இருந்த பத்திரிகைகளில் எதுவும் அவர் கையில் நெடுநாள் நிலைக்கவில்லை. எழுத்து சோறு போட்டது, பத்திரிகை நடத்தியது போடவில்லை. இன்னொன்று, அவர் ராஜினாமா செய்ய ஒரு ஆபீஸ் வேலை இருந்ததே இல்லை. போவதற்கு எதுவும் இல்லாதவனின் தைரியம் வேறு, பி.எஃப். பிடிக்கிற நம் தைரியம் வேறு. இது என் அபிப்பிராயம். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். சிப்காட் வந்ததும் பஸ்ஸே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதைத் தாண்டி மூச்சு விட்ட பிறகு தம்பி தன் மனக்கணக்கைச் சொன்னார். "காசுக் கவலை மட்டும் இல்லேன்னா சார், நான் எழுதித் தள்ளிடுவேன்."

அதற்காகத்தான் சிதம்பரம்!

காசுக் கவலை இல்லாத எழுத்தாளர் ஒருவர் அங்கே இருந்தார். மௌனி. இயற்பெயர் எஸ். மணி. 1907-ல் செம்மங்குடியில் பிறந்தவர், கணிதத்தில் பட்டம் வாங்கியவர். 'மணிக்கொடி' பி.எஸ். ராமையாதான் அவரை எழுதத் தூண்டி, 'மௌனி' என்று பேரும் வைத்தவர். 1936-லிருந்து கதைகள் வந்தன. பிறகு குடும்பச் சொத்தையும் தொழிலையும் கவனிக்கச் சிதம்பரத்துக்குக் குடிவந்து, 1985-ல் இங்கேயே காலமானார். தந்தி மொழிபெயர்க்க வேண்டாம், ஜமீன்தாருக்குப் பாட்டு எழுத வேண்டாம், செருப்புக் கடை வேண்டாம். எழுத நேரமும் உண்டு, சாப்பாடும் உண்டு.

"எத்தனை எழுதினார்?" என்றார் தம்பி.

"24 கதை."

"வருஷத்துக்கா?"

"மொத்தமே!"

கீழவீதியில் டீ ஆறிக்கொண்டிருந்தது. தம்பி நாலாவது கோபுரம் எது என்று தேடுகிறவர் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். அதிலும் பெரிய பகுதி முப்பதுகளிலேயே எழுதியவை, முதல் தொகுப்பு 'அழியாச்சுடர்' வந்தது 1959-ல், 23 வருஷம் கழித்து என்று நான் மேலே மேலே புள்ளிவிவரம் கொடுத்தேன். ஆனாலும் அந்த 24-ஐப் படித்துவிட்டு அவரைப் பார்க்க இளம் எழுத்தாளர்கள் சிதம்பரத்துக்கு ரயிலேறி வந்துகொண்டே இருந்தார்கள்.

ராஜினாமா கடிதம் திங்கட்கிழமை மேனேஜரிடம் போகவில்லை. கிழிக்கவும் இல்லை, தேதி போடாமல் பர்ஸில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எழுதுகிறாராம். வீட்டில் சண்டை.

மௌனியைச் 'சிறுகதையின் திருமூலர்' என்று சொன்னவர் புதுமைப்பித்தன். சோற்றுக்கு ஓடி ஓடி நூறு கதை எழுதியவர், ஓடாமல் எழுதியவருக்குக் கொடுத்த பட்டம். திருமூலர் வருஷத்துக்கு ஒரு பாட்டு வீதம் மூவாயிரம் வருஷம் எழுதினார் என்பது ஐதிகம். 1936 முதல் 1985 வரை 49 வருஷம், 24 கதை. வகுத்துப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கு ஒன்று. திருமூலரே வேகம்!