13 உயிர்களைக் காக்க உதவிய குகை 'மேப்'! அளக்கிறவர்களுக்கு கை கொடுக்கும் சின்னச் சின்ன உதவித்தொகை

குகைக்குள் போய் நாடா பிடித்து அளக்கிறவர்களுக்கு வெளிநாடுகளில் உதவித்தொகை கொடுக்கிறார்கள். "இருட்டுக் குகையை அளந்து என்னய்யா ஆகப்போகுது?" என்று கேட்கத் தோன்றும். தாய்லாந்தில் நடந்ததைப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டோம்.

2018 ஜூன் 23-ந்தேதி தாம் லுவாங் குகைக்குள் கால்பந்து சிறுவர்கள் 12 பேரும், பயிற்சியாளரும் போனார்கள். மழை வெள்ளம் உள்ளே புகுந்து வழி அடைத்துக்கொண்டது. பிள்ளைகள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள்?

அந்தக் குகையை 1980-களிலேயே பிரான்ஸ் நாட்டுக் குழுவினர் அளந்து வரைபடம் போட்டிருந்தனர். பக்கத்தில் குடியிருந்த பிரிட்டன்காரர் வெர்ன் அன்ஸ்வொர்த்தும் பல வருடமாக உள்ளே போய் வந்தவர். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று மீட்புக் குழுவுக்கு அவர்தான் எடுத்துச் சொன்னார். ஜூலை 2-ந்தேதி பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 10-ந்தேதிக்குள் 13 பேரும் உயிரோடு வெளியே வந்தனர். மீட்புப் பணியில் முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் உயிரிழந்தார்.

அளப்பது எப்படி?

நம்ம ஊரில் சர்வேயர் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிற மாதிரிதான். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிப்பார். இன்னொருவர் நீளம், திசை, சரிவு மூன்றையும் பார்த்துச் சொல்வார். மற்றொருவர் நோட்டில் வரைவார். கழுத்தளவு தண்ணீரிலும், தவழ்ந்து போகிற சந்திலும் இதே வேலைதான். தலை விளக்கில் இரும்பு இருந்தால் திசைகாட்டி முள் திரும்பி, கணக்கே தப்பிவிடும். ஒரே அமுக்கில் மூன்றையும் காட்டும் லேசர் கருவி 2008-ல் வந்தது. அதற்குத்தான் காசு வேண்டும்.

யார் தருகிறார்கள்?

இந்த வேலைக்குப் போகிறவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். லீவு போட்டு, கைக்காசைப் போட்டுப் போகிறார்கள். பிரிட்டனில் 'கார் பாராவ்' அறக்கட்டளை வெளிநாட்டுக் குகைகளுக்குப் போகும் அந்நாட்டுக் குழுக்களுக்கு சிறு தொகை கொடுக்கிறது. 1971, 1972-ல் பிரிட்டன் குழுவினர் 751 மீட்டர் ஆழம் வரை இறங்கிய ஈரான் நாட்டுக் குகையின் பெயர் அது.

1973-ல் உருவான பிரிட்டிஷ் குகை ஆராய்ச்சி சங்கமும் ஆய்வுகளுக்கு சிறு உதவி செய்கிறது. மொத்தச் செலவையும் இது ஈடுகட்டாது. ஆனால் ஒரு கருவி வாங்கவோ, ஒரு கல்லை பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவோ கை கொடுக்கும்.

மேகாலயா அதிசயம்

இந்தியாவில் குகைகளுக்குப் பேர் போனது மேகாலயா. ஷில்லாங் ஆர்வலர்களும் வெளிநாட்டுக் குழுக்களும் 1992-ல் இருந்து சேர்ந்து அளந்ததில் 400 கி.மீ.க்கும் மேல் வரைபடமாகிவிட்டது. கிரெம் புரி என்ற குகை மட்டும் சுமார் 24 கி.மீ. நீளம். 2018-ல் அளந்து முடித்தபோது, உலகின் மிக நீளமான மணற்பாறைக் குகை என்று தெரியவந்தது.

சிரபுஞ்சி அருகே மாம்லு குகையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து வளர்ந்த சுண்ணாம்புக் கல்லை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். அதன் அடுக்குகளில் எந்தக் காலத்தில் மழை பெய்தது, எப்போது பொய்த்தது என்ற கணக்கு இருந்தது. 4,200 வருடத்துக்கு முன் வந்த பெரும் வறட்சியை அது காட்டியது. அதை வைத்து, அப்போது தொடங்கி இன்று வரையிலான காலத்துக்கு 'மேகாலயன்' என்று 2018-ல் உலக அளவில் பெயர் வைத்தார்கள்.

அதே மேகாலயாவில்தான் சிமெண்டுக்காக சுண்ணாம்புப் பாறையை வெட்டுகிறார்கள். வெட்டிய குகை திரும்ப வளராது. வரைபடம் இல்லாவிட்டால், மலைக்குள் குகை இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். சின்ன உதவித்தொகைதான் என்றாலும், அந்த வரைபடத்துக்கு அது பெரிய துணை.