உங்களுக்குத் தெரியுமா? கல்லின் நிறத்தை நம்பக் கூடாது!

கனிமத்தை அடையாளம் காண, மேல்நிறத்தைவிட உரசினால் விழும் தூளின் நிறமே நம்பகமானது. வெள்ளைப் பீங்கான் டைல்ஸின் பின்புறம், மெருகில்லாத சொரசொரப்பான பக்கம், இதற்குப் போதும். பளபளக்கும் பைரைட் பார்வைக்குத் தங்கமேதான். தேய்த்தாலோ பச்சை கலந்த கறுப்புக் கோடு விழும். அசல் தங்கம் மஞ்சளாகவே கோடிடும்.

இதைவிட அதிசயம் ஹேமடைட் என்னும் இரும்புத் தாது. எஃகுச் சாம்பல் நிறத்தில் மின்னும் கட்டிகூடச் செம்பழுப்புத் தடம் பதிக்கும்! சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட்டும் இரும்புத் தாதுதான். ஆனால் அதன் கோடு கறுப்பு, காந்தத்திலும் ஒட்டும்.

ஆனால் குவார்ட்ஸிடம் இந்தச் சோதனை பலிக்காது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7. தான் தேயாமல் டைல்ஸைத்தான் கீறிவைக்கும்.