மீட்டர் காட்டாத ஆபத்து

சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் ‘சர்க்கரை வந்துவிட்டது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்த வாரம் பார்க்கப்போகும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவருக்கோ, சிறுநீரில் சர்க்கரை இருந்தே தீரும். அறிக்கையில் அதைப் பார்த்துவிட்டு நோய் முற்றிவிட்டதாகப் பதறவேண்டாம். மாத்திரை வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

நல்ல நிலையிலுள்ள சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. இதில் பெரும்பங்கு எஸ்ஜிஎல்டி2 என்ற புரதத்தின் வேலை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் அந்தப் புரதத்தைத் தடுக்கின்றன. சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது.

சர்க்கரை அளவை இவை பெரிதாக இறக்கிவிடுவதில்லை. இவற்றின் பெருமை வேறு. ஏற்கெனவே இதயநோய் இருந்த சுமார் 7,000 சர்க்கரை நோயாளிகளிடம் எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் 5.9 சதவீதம் பேர் இதய, ரத்தநாள நோயால் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 3.7 சதவீதம். இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் சிறுநீரகம் பழுதாகும் வேகமும் மட்டுப்பட்டது. இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளி, இந்த மாத்திரை தனக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கத்தான் வேண்டும். இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை ஏற்கெனவே முடிந்து, எம்பாகிளிஃப்ளோசினுடையதும் 2025இல் முடிந்து, விலை வெகுவாக இறங்கியிருப்பதால் கேட்பதில் அர்த்தமும் இருக்கிறது.

இனி தொல்லைகள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம், பெண்களுக்கு அதிகம். கூச்சப்பட்டு மறைக்கிறவர்களே நம்மில் மிகுதி. எளிதில் குணமாகும் தொற்று இது, சொன்னால் போதும். ஆனால் அந்தப் பகுதியில் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அரிதாகச் சதை அழுகும் தொற்றும் வந்திருக்கிறது. நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும் முதியவர்களுக்கு வெயில் காலத்தில் உடல் வறண்டு தலைசுற்றும்.

எனக்குப் பெரிய கவலை கீட்டோஅசிடோசிஸ். இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கிறது. கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. வழக்கமாக அப்போது சர்க்கரை 300, 400 என்று எகிறி நம்மை எச்சரிக்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது சிறுநீரில் வெளியேறிக்கொண்டே இருப்பதால் மீட்டர் 180 என்றுகூடக் காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் எல்லாம் இருக்கும். ‘சுகர் பரவாயில்லையே’ என்று வீட்டில் படுத்திருப்பார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதை எச்சரித்தது. அரிதுதான், ஆனால் தாமதம் உயிரைப் பறிக்கும். இந்த அறிகுறிகள் இருந்தால் மீட்டர் எந்த எண்ணைக் காட்டினாலும் அவசர சிகிச்சைக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கீட்டோன் பரிசோதனை கேளுங்கள்.

பட்டினி, மது, கடும் காய்ச்சல், இன்சுலினைத் திடீரென்று குறைப்பது ஆகியவை கீட்டோஅசிடோசிஸைத் தூண்டும். நீண்ட விரதம் இருப்பவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்கவேண்டும். சாப்பிட முடியாமல் வாந்தி வரும் நாளில் இந்த மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் டாபா, எம்பா இரண்டையும் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். தேதி குறிக்கும்போதே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டுபோய் அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து தருபவரிடமும் காட்டிவிடுங்கள்.